ஸ்கூட்டிக்கும் கிரவுன் ஆயில் உண்டு

நாமக்கல்லில் கிரவுன் ஆயில் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஓட்டுகிறவர், லாரி வைத்திருப்பவர், லாரிக்குப் பாடி கட்டுகிறவர், லாரிக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தவணைக்குக் காத்திருப்பவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் இது. பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தெரியும் ஹவுசிங்குக்குள் கிரவுன் வீலும் பினியனும் ஓடுகின்றன, அவை நனைந்து கிடக்கும் ஆயிலைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அதே வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டியின் பின்சக்கரத்தை ஒட்டியும் அப்படி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதற்குள்ளும் பல்சக்கரங்கள் ஆயிலில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் மட்டும், லாரிக்காரரே ஆச்சரியப்படுகிறார்.

நான் லாரிகளுக்குக் கியர்பாக்ஸ், கிரவுன் வேலை பார்க்கிற மேஸ்திரி. எங்கள் ஊரில் இந்தத் தொழில் பங்கு பங்காகப் பிரிந்திருக்கும். இஞ்சினுக்கு ஒருவர், பம்பு நாசிலுக்கு ஒருவர், ஸ்பிரிங் பட்டைக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர், டிங்கரிங்குக்கு ஒருவர். கிளட்சுக்குப் பின்னால் தொடங்கி டயருக்கு முன்னால் முடிகிற பங்கு என்னுடையது. டூவீலர் என் பிழைப்பு இல்லை. ஆனாலும் பல்லோடு பல் உரசுகிற இடத்தில் சட்டம் ஒன்றுதான். லாரியில் பத்து லிட்டருக்கு மேல் ஊற்றுகிறோம், ஸ்கூட்டியில் ஒரு டம்ளர்கூடத் தேவையில்லை. வித்தியாசம் அளவிலும் ஆயிலின் ரகத்திலும்தான்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

ஆயில் மாற்றுவதற்கு முன்னால், வண்டியில் எத்தனை ஆயில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஸ்ப்ளெண்டர், பல்சர் போல இன்று ஓடும் பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான். இஞ்சினுக்கும் அதே, கியருக்கும் அதே, கிளட்சுக்கும் அதே. இதனால் அந்த ஆயிலுக்கு வேலை மூன்று மடங்கு. பிஸ்டன் சூட்டைத் தாங்க வேண்டும், கியர் பற்களுக்கு நடுவில் நசுங்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுகள் வழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயில் சூட்டில் நீர்த்துப் போகாமல் இருக்க அதில் நீளமான சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். கியர் பற்கள் அவற்றை வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிடும். கம்பெனி சொன்ன கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினால் கியர் விழுவது கரடுமுரடாவதற்கு இது ஒரு காரணம். இந்த வண்டிகளுக்கு வாங்கும் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்காது என்பதற்கு ஜப்பான்காரர்கள் வகுத்த தரம் அது. காருக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், கிளட்ச் வழுக்கி, இஞ்சின் கத்தும் அளவுக்கு வண்டி நகராமல் போகலாம்.

பழைய புல்லட் வேறு ரகம். சென்னைத் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிவந்த வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட்டில் இஞ்சின், கிளட்ச் கேஸ், கியர்பாக்ஸ் மூன்றும் தனித்தனி. ஆயிலும் தனித்தனி. கியர்பாக்ஸுக்கு 90 ஆயில். பழைய மேஸ்திரிகள் அதில் கொஞ்சம் கிரீஸும் கலப்பார்கள், ஒழுகல் குறையும் என்ற கணக்கு. 2008க்குப் பிறகு வந்த புது இஞ்சினில்தான் எல்லாம் ஒரே கூட்டுக்குள் வந்து, ஆயிலும் ஒன்றானது. அப்பா காலத்துப் புல்லட்டைத் தூசி தட்டி எடுத்து ஓட்டுகிற இளைஞர்கள் இஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கிளட்ச் கேஸையும் கியர்பாக்ஸையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். கியருக்கு இருக்கும் ஆயில் தனி, அது எரியாது, குறையவும் குறையாது. குறையாததால்தான் மறந்துபோகிறது.

இந்த ரகங்களிலெல்லாம் பின்சக்கரத்தைச் சுழற்றுவது செயின். அதற்கு ஆயில் பெட்டி இல்லை, வெளியே தூசியில் கிடக்கிறது. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்து, 90 ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, மிச்சத்தைத் துணியால் வழித்துவிட்டால் போதும். செயினுக்குப் பதிலாக லாரி மாதிரியே ஷாஃப்ட்டும் கிரவுனும் வைத்த பைக்குகளும் உலகத்தில் உண்டு. பிஎம்டபிள்யூ கம்பெனி 1923இல் வெளியிட்ட முதல் மோட்டார்சைக்கிளான ஆர்32விலேயே செயின் கிடையாது. அந்த வம்சத்து வண்டிகளில் பின்சக்கரத்து கிரவுனுக்கென்று தனி ஆயில் ஊற்றி, தனியாகக் கணக்கு வைத்து மாற்றுகிறார்கள்.

நம் ஊரில் அந்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய சொந்தம் ஸ்கூட்டிதான்.

பின்சக்கரத்துப் பெட்டி

ஸ்கூட்டியில் கியர் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். கையால் மாற்றுகிற கியர்தான் இல்லை. இஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக வரும் சுழற்சி, கிளட்சைத் தாண்டி ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் போகிறது. அங்கே இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டி, பின்சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. பெல்ட் இருக்கும் பக்கம் முழுக்கக் காய்ந்த இடம், அங்கே ஆயில் ஆகாது. பல்சக்கரப் பெட்டிக்குள் மட்டும் ஆயில். இஞ்சின் ஆயிலுக்கும் இதற்கும் எந்த வழியும் கிடையாது. இஞ்சின் ஆயிலை மாதாமாதம் மாற்றினாலும் இந்த ஆயில் அப்படியே கிடக்கும்.

ஹோண்டா ஆக்டிவா 2001இல் வந்ததிலிருந்து இந்த வகை வண்டி பெருகிக்கொண்டே வருகிறது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டம் தொடங்கி, பாதி விலை அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது, என்று கொடுத்ததும், எங்கள் பக்கத்துக் கிராமங்கள் வரை ஸ்கூட்டி போய்ச் சேர்ந்தது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு நர்ஸ் வேலைக்கு, சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்கு, புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு என்று தினமும் ஓடுகிற வண்டிகள். முன்னால் காலடியில் ஒரு அரிசி மூட்டை, பின்னால் இரண்டு பிள்ளைகள். லாரியைப் போலவே பாரம் இழுக்கிற வண்டிதான்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஒருநாள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“ஏனுங்ண்ணா, பின்னாடி உய்ய்யின்னு ஒரு சத்தம் வருதுங். பெல்ட் போயிருச்சுங்களா?”

“கியர் ஆயில் எப்ப மாத்துனது அம்மிணி?”

“போன மாசந்தானுங் ஆயில் சர்வீஸ் பண்ணுனேன்.”

“அது இஞ்சின் ஆயில் கண்ணு. நான் கேக்கறது பின்சக்கரத்து ஆயில்.”

“அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?”

போல்ட்டைக் கழற்றியதும் வந்தது கறுத்த சாம்பல் நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நைசான தூள் பளபளத்தது. மீதி எங்கே போயிற்று என்று தேடினால், பின்சக்கர அச்சு வெளியே வரும் இடத்து ஆயில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் கசிந்திருந்தது. “பிரேக்கும் கொஞ்ச நாளா பிடிக்கலீங்” என்று அவரே சொன்னார். டிரம் பிரேக் வைத்த ஸ்கூட்டிகளில் பிரேக் ஷூவும் இந்தப் பெட்டியும் அடுத்தடுத்த வீடு. கியர் ஆயில் விஷயம் பிரேக் விஷயமாக மாறுவது இப்படித்தான். சீலையும் ஷூவையும் மாற்றினோம், பேரிங்கும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. சத்தம் வந்தபிறகு ஊற்றுகிற ஆயில் தேய்ந்த பேரிங்கைத் திருப்பித் தராது.

சத்தத்தை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். கிளம்பும்போது மட்டும் உதறினாலோ கிறீச்சிட்டாலோ பெல்ட், கிளட்ச் பக்கம் பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வண்டி ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப ஊளைச் சத்தம் ஏறி இறங்கினால் பின்சக்கரத்துப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். வண்டி உருளுகிற வரைக்கும் அந்தப் பற்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போலத் தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கலாம்.

எந்த ஆயில்?

எங்கள் பட்டறையில் ஆயிலுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நாப்பது, தொண்ணூறு, நூத்திநாப்பது. இதில் பலரும் நினைப்பது, 90 ஆயில் 40 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று. அப்படி இல்லை. இஞ்சின் ஆயிலை அளக்கும் கோல் வேறு, கியர் ஆயிலை அளக்கும் கோல் வேறு. கியர் கோலில் 90 என்பது இஞ்சின் கோலில் 40, 50க்குப் பக்கத்தில்தான் வரும். 140 மட்டும் நிஜமாகவே கெட்டி.

கெட்டித்தன்மை ஒரு பாதி, உள்ளே கலக்கும் மருந்து மறுபாதி. லாரி கிரவுனில் பினியன் மையத்திலிருந்து இறங்கி உட்கார்ந்திருக்கும். பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் பிதுங்கி ஓடிவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த சேர்மங்களைக் கலக்கிறார்கள். சூடேறும் இடத்தில் அவை இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகி, பல்லுக்குப் பதிலாகத் தாங்கள் தேயும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் அந்தக் கந்தகத்துடையது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பது இந்த மருந்தின் வீரியத்தைத்தான். 5 என்பது கிரவுனுக்கு. பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள கியர்பாக்ஸுக்கு அதே வீரியம் ஆகாமல் போகலாம் என்பதால் அங்கே பெரும்பாலும் 4.

ஸ்கூட்டிப் பெட்டியில் பற்களுக்கு அந்த அளவு சறுக்கல் இல்லை, இவ்வளவு மருந்து தேவையில்லை. ஆக்டிவா போன்ற வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 மாதிரி இளக்கமான ஆயிலே போதும். வேறு சில வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 கேட்பார்கள். வண்டியோடு கொடுத்த கையேட்டில் ‘ஃபைனல் டிரைவ் ஆயில்’ அல்லது ‘கியர் ஆயில்’ என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. லாரிக்கார வீட்டில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டறையில் மிச்சமிருக்கிற 140 ஆயிலை வீட்டுக்கு எடுத்துப்போய் ஸ்கூட்டியில் ஊற்றுகிறார்கள். காசு மிச்சம்தான். வண்டி மந்தமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், குளிர்ந்த காலையில் பேரிங்குக்குள் ஆயில் போய்ச் சேரவே நேரமாகும்.

மாற்றுகிற முறை

ஸ்கூட்டிக்குச் சொல்கிறேன். பழைய புல்லட் கியர்பாக்ஸுக்கும் வரிசை கிட்டத்தட்ட இதுவே.

இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஆயில்தான் அடியில் தங்கிய தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு இஞ்சினை அணையுங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி போல்ட்டைச் சுற்றி அப்பியிருக்கும். பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

பெட்டியில் இரண்டு போல்ட். மேலே இருப்பது ஊற்றுகிற, அளவு பார்க்கிற போல்ட். அடியில் இருப்பது ட்ரைன் போல்ட். பக்கத்திலேயே கேஸ் போல்ட்டுகளும் இருக்கும், கையேட்டுப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் மேல் போல்ட்டைத் திறவுங்கள். லாரி கிரவுனில் நாங்கள் தவறாமல் செய்வது இது. அடி போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்கிய பிறகு மேல் போல்ட் இறுகிக்கொண்டு வரவில்லை என்றால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

அடியில் ஒரு தட்டை வைத்து ட்ரைன் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இறங்கிய ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் பயமில்லை. மாவு போன்ற நைசான தூள் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டிக்கு மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு. சூடான வண்டி வெள்ளத்தில் இறங்கினால் பெட்டி சட்டென்று குளிர்ந்து அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் சக்கரம் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்டியவர்கள் கிலோமீட்டர் பார்க்காமல் இந்த ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

ட்ரைன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. கையால் பல சுற்று ஏற்றிவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனர். நீளமான ஸ்பேனரின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் மரை போய்விடும். நூறு ரூபாய் அளவில் முடிய வேண்டிய வேலை லேத் பட்டறை வரை இழுக்கும்.

ஊற்றுவதற்கு மெடிக்கல் கடையில் ஒரு பெரிய சிரிஞ்சும் ஒரு முழ டியூபும் வாங்கிக்கொள்ளுங்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் வீட்டில் தேடினாலே கிடைக்கும். மருந்துக்குப் பயன்படுத்துவதை மட்டும் எடுக்காதீர்கள். பல ஸ்கூட்டிகளில் அளவு 120 மில்லியை ஒட்டி வரும். சரியான எண் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் அது சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குத்தான் வரும். மேல் போல்ட்டை மூடி, டயரிலும் ரிம்மிலும் சிந்தியதைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேடு தொலைந்துபோயிருந்தால் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம், எது முதலில் வருகிறதோ அது, என்று வைத்துக்கொண்டால் பழுதில்லை. புது வண்டியில் முதல் மாற்றுதலைத் தள்ளிப்போடக் கூடாது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று படிகிற காலத்தில்தான் தூள் அதிகம் விழும். எலக்ட்ரிக் வண்டிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். ஐக்யூப் போலச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரம் வைத்த வண்டிகளில் ஆயில் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ ஊற்றாதீர்கள். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். ஒரு பழைய பாட்டிலில் பிடித்து, டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு ஆயிரம் அடி தோண்டித் தண்ணீர் தேடுகிற நாம், மேலே இருந்து ஆயிலை ஊற்றுவது நியாயமில்லை. கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழிவு ஆயில் தோலுக்கு ஆகாது.

லாரிக்கு இவ்வளவு கவனம் கிடைப்பதற்குக் காரணம் அது நின்றால் அன்றைக்கே வாடகை போகும் என்பது. டீச்சரின் ஸ்கூட்டி நின்றாலும் வருமானம் போகிறது, அதை மட்டும் யாரும் நோட்டில் எழுதுவதில்லை. சர்வீஸ் பில்லில் ‘ஆயில் சேஞ்ச்’ என்று ஒற்றை வரி இருந்தால் அது இஞ்சின் ஆயிலைத்தான் சொல்கிறது. அடுத்த முறை வண்டியை விடும்போது “கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்று கேளுங்கள். மாற்றினால் பில்லில் தனி வரியாக எழுதி, பக்கத்தில் கிலோமீட்டரையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.